கைகாட்டியை முதலில் நடுங்கள்: வீட்டு மாதிரி ரயிலுக்கு நெல்லைச் சீமை நிலக்காட்சி

வீட்டில் மாதிரி ரயில் அமைப்பவர்களில் பலர் தண்டவாளத்தைப் பதித்த கையோடு மலையை எழுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். வயல், மரம், வீடு எல்லாம் முடிந்த பிறகு, மிச்சம் கிடக்கும் இடத்தில் சிக்னலைக் கொண்டுபோய் நடுகிறார்கள். என் முதல் பலகையில் நானும் அப்படித்தான் செய்தேன். பொதிகை மலையை ஒரு மாதம் பாடுபட்டு எழுப்பி முடித்து, நிலையத்துக்குள் நுழையும் வண்டிக்கான ஹோம் சிக்னலுக்காக மேலிருந்து துளை போட்டபோது, துளைக்கருவியின் முனை தண்டவாளம் பிரியும் இடமான பாயின்ட்டை இயக்க அடியில் கிடந்த கம்பிகள் இரண்டையும் அறுத்துவிட்டது. கம்பியைச் சேர்த்துப் பற்றவைத்து ஒருவழியாகச் சிக்னலை நட்டால், அது நான் ஆசையாகச் செய்து வைத்திருந்த பனைகளுக்குப் பின்னால் மறைந்து நின்றது. மறைந்து நிற்கும் கைகாட்டியை, அதாவது கை போன்ற பலகை ஏறி இறங்கும் பழைய சிக்னலை, ஓட்டுநர் பார்க்க முடியாது. அதனால் தண்டவாளம், சிக்னல், அதற்குப் பிறகு நிலம் என்ற வரிசையையே இப்போது பின்பற்றுகிறேன். இந்தக் குறிப்பும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

இடமும் காலமும்

எடுத்துக்காட்டாக, திருநெல்வேலி – தென்காசிப் பாதையில் அம்பாசமுத்திரத்துக்கும் கீழக்கடையத்துக்கும் இடையில் இருக்கக்கூடிய ஒரு சிறு நிலையத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அந்தப் பகுதியில் பாதை ஏறத்தாழ வடக்கு நோக்கிச் செல்கிறது. மலை மேற்கே இருக்கிறது. ஆகவே பலகையின் முன்னால் நிற்பவர் மேற்கு நோக்கி நிற்கிறார் என்றும், இடது முனை திருநெல்வேலிப் பக்கம், வலது முனை தென்காசிப் பக்கம் என்றும் வைத்துக்கொண்டால், பின்திரையில் மலையை வரைவதற்கு இயல்பான காரணம் கிடைத்துவிடுகிறது. வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதும் அப்போதே தெளிவாகும். காலைக் காட்சி என்றால் மலைச் சரிவில் வெளிச்சம் விழும். மாலைக் காட்சி என்றால் மலை நிழலாகவே நிற்கும்.

காலத்தையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இந்தப் பாதை மீட்டர் கேஜாக (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) இருந்து 2012இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. செங்கோட்டை – புனலூர் மலைப்பகுதியில் 2018இல்தான் அகலப்பாதை வண்டி ஓடத் தொடங்கியது. கை இறங்கி ஏறும் பழைய கைகாட்டி வேண்டுமென்றால் மீட்டர் கேஜ் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குச் சிக்னல் வேண்டுமென்றால் இன்றைய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைகாட்டிக்கு அடியில் இன்றைய மின்சார எஞ்சின் நின்றால், ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குக்கூட ஏதோ இடறும்.

அளவைப் பொறுத்தவரை, எச்.ஓ. எனப்படும் 1:87 அளவே கைக்கு வசதியானது. அதன் 16.5 மி.மீ. தண்டவாளம் மேலைநாட்டு 1,435 மி.மீ. பாதைக்குச் சரியான கணக்கு. நம் அகலப்பாதையின் 1,676 மி.மீ.க்கு 19.3 மி.மீ. வர வேண்டும், மீட்டர் கேஜுக்கு 11.5 மி.மீ. வர வேண்டும். பின்னதற்கு 12 மி.மீ. தண்டவாளம் உண்டு என்றாலும், இங்கே வாங்கக் கிடைப்பது பெரும்பாலும் 16.5 மட்டுமே. நான் இதை ஒரு குறையாக எண்ணி வருந்துவதில்லை. பார்ப்பவரின் கண்ணுக்கு முதலில் படுவது கைகாட்டியும் பனையும்தான். தண்டவாள அகலத்தில் உள்ள சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை அளவுகோல் வைத்துப் பார்ப்பவர் மிகக் குறைவு.

நீளத்தில் மட்டும் ஏமாற்று வேலை செய்தே ஆக வேண்டும். 240 செ.மீ. பலகை என்பது அசலில் வெறும் 209 மீட்டர். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்று, பஃபர் முதல் பஃபர் வரை, 25.6 செ.மீ. வருகிறது, 20 செ.மீ. எஞ்சினோடு மூன்று பெட்டிகள் சேர்ந்தால் 97 செ.மீ. ஆகிறது. எனவே பக்கப் பாதையான லூப் லைனில் 110 செ.மீ. தாராளமாக இருந்தால் ஒரு சிறு பாசஞ்சர் வண்டி ஒதுங்கி நிற்கும். இன்னொன்று மெயின் லைனில் கடந்து செல்லும். 240 × 60 செ.மீ. பலகைக்கு இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

சிக்னல் நிற்கும் இடம்

பழைய முறையில் நிலையத்துக்குள் நுழையும் வண்டிக்கு முதலில் அவுட்டர், பிறகு ஹோம், வெளியேறும்போது ஸ்டார்ட்டர் என்ற வரிசை உண்டு. அவுட்டரை அசல் தூரத்தில் நட வேண்டுமென்றால் அது பலகையைத் தாண்டிச் சுவருக்குள் போய்விடும். விளக்குச் சிக்னலிலோ நிலைமை இன்னும் மோசம்: ஹோமின் நிலையை முன்கூட்டியே காட்டும் டிஸ்டன்ட் சிக்னல் ஹோமுக்குக் குறைந்தது 1 கிலோமீட்டர் முன்னால் இருக்க வேண்டும், அதாவது நம் அளவில் 11.5 மீட்டர். என் வீட்டில் அது வாசலைக் கடந்து தெருவில்தான் நிற்கும். ஆகவே அவுட்டரையும் டிஸ்டன்ட்டையும் பலகைக்கு வெளியே இருப்பதாகப் பாவித்துவிட்டு, ஹோமையும் ஸ்டார்ட்டர்களையும் மட்டும் செம்மையாகச் செய்வதே நல்லது.

ஹோம் சிக்னல் நிலையத்தின் முதல் பாயின்ட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். பலகையில் பாயின்ட்டின் நாக்கிலிருந்து (அசையும் தண்டவாள முனையிலிருந்து) 8 முதல் 10 செ.மீ. தள்ளி நட்டால் பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும். மெயினுக்கு ஒரு கை, லூப்புக்கு ஒரு கை என இரண்டு கைகள் ஒரே தாங்கியில் நிற்கும்போது, மெயின் லைனுக்குரிய கம்பம் மற்றதைவிட உயரமாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு லைனின் முடிவிலும், இரு லைன்களும் நெருங்கி வண்டிகள் உரசக்கூடிய இடத்துக்கு முன்பாக நிற்கும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சிக்னல் ஓட்டுநரின் இடப்பக்கம் நிற்கிறது. அதன் முகம் ஓட்டுநரைப் பார்க்கிறது, பலகையின் முன் நிற்கும் உங்களைப் பார்ப்பதில்லை. நம் பலகையில் திருநெல்வேலியிலிருந்து வரும் வண்டிக்கு இடப்பக்கம் என்பது மலைப் பக்கம். ஆகவே அந்தச் சிக்னல் தண்டவாளத்துக்குப் பின்னால் நிற்கும், அதன் கை விளிம்பாக மட்டுமே உங்களுக்குத் தெரியும். அழகுக்காகக் கையைத் தம் பக்கம் திருப்பி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் அது சிக்னலாக இல்லாமல் பொம்மையாகிவிடுகிறது. கையைத் திருப்பாதீர்கள், உங்கள் நாற்காலியைத் திருப்புங்கள். வண்டியை இயக்கும் இடத்தைப் பலகையின் இடது முனையில் வைத்துக்கொண்டால், உள்ளே வரும் வண்டிக்கான ஹோமின் முகம் முழுதாகத் தெரியும், ஓட்டுநரின் பார்வையும் உங்களுக்குக் கிடைக்கும்.

கைகாட்டி செய்தல்

கம்பத்துக்கு, மை தீர்ந்த உலோகப் பால்பாயின்ட் ரீஃபில் மிகவும் ஏற்றது. முனையை வெட்டிவிட்டு, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒரு நாள் ஊறவைத்து மையை நீக்கினால், உட்கூடான கம்பம் கிடைக்கும். விளக்குக்கான கம்பிகளை அதற்குள்ளேயே இறக்கிவிடலாம். உயரம் 85 மி.மீ. போதும். அடியில் 15 மி.மீ. அளவு கூடுதலாக விட்டு, பலகைக்குள் இறங்கச் செய்யுங்கள்.

கைக்குப் பழைய நெய் டப்பாவின் தகரம் பொருந்தும். அது மெல்லியதாகவும் ஈயப் பற்று நன்றாகப் பிடிப்பதாகவும் இருக்கும். குளிர்பான டப்பாவின் அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. 15 மி.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் கொண்ட கையையும், அதன் மறுபக்கத்தில் 4 × 7 மி.மீ. கண்ணாடிச் சட்டத்தையும் ஒரே துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். சட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக 2.5 மி.மீ. துளைகள் இரண்டு போட வேண்டும். மேல் துளைக்குச் சிவப்பு, கீழ்த் துளைக்குப் பச்சை. கை படுக்கையாக நிற்கும்போது சிவப்பு விளக்குக்கு முன்னால் இருக்கும். கை கீழே இறங்கினால் சட்டம் மேலே ஏறிப் பச்சை விளக்குக்கு முன்னால் வரும். கையின் முகத்தில் சிவப்பு வண்ணமும் நுனிக்கு அருகே வெள்ளைப் பட்டையும், பின்புறத்தில் வெள்ளை வண்ணமும் கறுப்புப் பட்டையும் தீட்ட வேண்டும். பின்புறத்தைச் சிவப்பாகவே விட்டுவிடுபவர்கள் உண்டு. எதிர்த்திசையில் வரும் ஓட்டுநருக்கு அது தவறான செய்தி.

அசல் கைகாட்டியில் பச்சைக்கு இருந்த கண்ணாடி நீலம் கலந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் சுடர் அதன் வழியாக வரும்போதுதான் பச்சையாகத் தெரியும். இதை மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாளைக் கொண்டே செய்து பார்க்கலாம்: இளமஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி.க்கு முன்னால் நீலத்தாளைப் பிடித்து, பச்சை போதவில்லை என்றால் மஞ்சள் தாள் ஒரு மடிப்பைச் சேர்த்துப் பாருங்கள். நிறம் சரியாக வந்த பிறகே ஒட்டுங்கள். பிரகாசம் அதிகமானால் எண்ணெய் விளக்கின் தோற்றம் போய்விடும். 12 வோல்ட்டில் இந்த எல்.இ.டி. 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 9 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 2 மில்லிஆம்பியர் மட்டுமே ஓடும். அந்த மங்கலே வேண்டிய அளவு. கம்பிக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் பூசிய 0.2 மி.மீ. செப்புக் கம்பி சிறு துண்டாகக் கேட்டால் கொடுப்பார்கள். முனையில் எனாமலைச் சுரண்டாமல் பற்றவைத்துவிட்டு விளக்கு எரியவில்லை என்று தேடுவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்வது.

கையை அசைக்க சொன்ன கோணத்துக்குத் திரும்பும் 9 கிராம் எடையுள்ள சிறு சர்வோ மோட்டாரும், அதற்கு ஆணையிடும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் போதும். கையின் அச்சிலிருந்து 3 மி.மீ. தள்ளி 0.5 மி.மீ. எஃகுக் கம்பியை மாட்டினால், கை 45 பாகை இறங்கக் கம்பி 2.3 மி.மீ. நகர வேண்டும், சர்வோவின் கொம்பில் 6 மி.மீ. தள்ளியுள்ள துளையில் மறுமுனையை மாட்டினால் சர்வோ 22 பாகை திரும்பினால் போதும். ஒவ்வொரு பாகைக்கும் 40 மில்லிவினாடி இடைவெளி கொடுத்தால் கை ஏறக்குறைய ஒரு வினாடியில் இறங்கும். அசலில் கம்பியைத் தளர்த்தியதும் கை மேலே ஏறி, ஒருமுறை குலுங்கித்தான் நிலைக்கும். கடைசியில் இரண்டு பாகை கூடுதலாக ஏறித் திரும்பும்படி எழுதினால் அந்தக் குலுக்கல் அப்படியே வரும். சர்வோவுக்கு 5 வோல்ட் மின்சாரத்தைத் தனியாகக் கொடுத்து, ஆர்டுயினோவின் எதிர்முனையோடு அதன் எதிர்முனையை மட்டும் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கை காய்ச்சல் கண்டவன் போல நடுங்கிக்கொண்டிருக்கும்.

விளக்குச் சிக்னல் செய்பவர்களுக்கு வேலை எளிது. மூன்று நிறச் சிக்னலில் மேலிருந்து கீழாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. நான்கு நிலைச் சிக்னலில் மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு எப்போதும் கீழே, ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு அருகில். தெருமுனைப் போக்குவரத்து விளக்கைப் பார்த்துச் சிவப்பை மேலே வைத்துவிடாதீர்கள். சிவப்புக்கு 2.2 கிலோ ஓம் போதும். பச்சை அதே மின்னோட்டத்தில் கண்ணைக் கூசச் செய்தால் அதற்கு மட்டும் ரெசிஸ்டரைக் கூட்டுங்கள்.

எந்த வகையானாலும், சிக்னலைப் பாயின்ட்டோடு பிணைக்காமல் விடக் கூடாது. ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) இயல்பாக மூடியிருக்கும் தொடுமுனையில் சிவப்பையும், இயல்பாகத் திறந்திருக்கும் தொடுமுனையில் பச்சையையும் இணைத்து, ரிலே சுருளுக்குச் செல்லும் கம்பியைப் பாயின்ட் மோட்டாரின் துணைத் தொடுமுனை வழியாகக் கொண்டுசெல்லுங்கள். இப்போது பாயின்ட் சரியாக அமைந்தால்தான் பச்சை விழும். பாயின்ட் பாதியில் நின்றாலும், கம்பி அறுந்தாலும் சிவப்பே நிற்கும். பழைய கைகாட்டியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்: இழுகம்பி அறுந்தால் கண்ணாடிச் சட்டத்தின் பாரம் கையைத் தானாகவே அபாய நிலைக்குத் தூக்கிவிடும்.

மண்ணும் ஜல்லியும்

சிக்னல்கள் வேலை செய்வதை ஒரு வாரம் பார்த்த பிறகு நிலத்தைத் தொடங்கலாம். தெர்மாகோலை அடுக்கி வெட்டி, மேலே செய்தித்தாள் கீற்றுகளைப் பசையில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினால் மேடு பள்ளம் அமைந்துவிடும். சுவரொட்டி ஒட்டும் மைதாப் பசை மலிவுதான். ஆனால் கரப்பானும் எலியும் விருந்துக்கு வந்துவிடும். ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். ஸ்பிரே பெயின்ட் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் தண்ணீரில் கரையும் வண்ணமே ஏற்றது.

மண்ணின் நிறத்தில்தான் ஊர் தெரியும். திருச்செந்தூர்ப் பாதை என்றால் தேரி எனும் மணல்மேட்டின் இரத்தச் சிவப்பு. கோவில்பட்டிப் பக்கம் என்றால் கரிசல். நாம் எடுத்துக்கொண்ட அம்பாசமுத்திரப் பகுதிக்குச் செம்மண்ணும் ஆற்று வண்டலும். இவற்றைக் கலந்துவிட்டால் எந்த ஊர் என்று சொல்ல முடியாமல் போகும். அந்தந்த இடத்து மண்ணையே ஒரு சிரட்டை அள்ளி வந்து, வாணலியில் நன்றாக வறுத்து, மாவரிப்பில் அரித்துப் பயன்படுத்துவது எந்த வண்ணத்தையும்விட மேல். அரித்த மண்ணில் தாள் சுற்றிய காந்தத்தைப் பலமுறை உலாவவிட வேண்டும். நம் பக்கத்து மணலில் கறுப்புத் துகள் ஏராளம். காந்தத்தில் ஒட்டும் துகள் எஞ்சின் மோட்டாருக்குள் போனால் மோட்டாரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

ஜல்லிக்கும் இதே சோதனை தேவை. அசல் ஜல்லி சுமார் 50 மி.மீ. என்றால் நம் அளவில் 0.6 மி.மீ. வருகிறது, ஏறத்தாழ ரவையின் பருமன். அதைக் கண்டு நான் ரவையையே சாயமேற்றித் தூவினேன். மூன்றாம் நாள் எறும்புகள் மெயின் லைனைக் காலி செய்யத் தொடங்கின. எம்-சாண்டை அரித்து, கழுவி, காயவைத்தால் சரியான கூர்முனைத் துகள் கிடைக்கும். அதைத் தண்டவாளத்துக்கு இடையில் தூவி, மென்தூரிகையால் ஸ்லீப்பர் கட்டையின் மேல்மட்டத்துக்கு மேல் எழாமல் சீர்செய்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட் கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகு, ஃபெவிக்காலும் தண்ணீரும் சமபங்காகக் கலந்து பாத்திரம் கழுவும் திரவம் இரு சொட்டு சேர்த்த கலவையைச் சொட்டுக்குழாயால் இடுங்கள். நனைக்காமல் பசையிட்டால் துகள் உருண்டு திரண்டுவிடும். பாயின்ட்டின் நாக்கு அருகே இரண்டு செ.மீ. வரை பசையைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு நாள் முழுதும் காயட்டும்.

பனையும் உடைமரமும் வயலும்

இந்த நாட்டுக் காட்சியில் பனை இல்லாமல் முடியாது. கடையில் கிடைக்கும் மேலைநாட்டு ஈச்ச மரங்கள் அதற்கு ஈடாகா. அசல் பனை 20 மீட்டருக்கு மேலும் வளரும், அதாவது 23 செ.மீ.; அது 85 மி.மீ. கைகாட்டியைக் குள்ளமாக்கிவிடும் என்பதால் நான் 14 முதல் 16 செ.மீ. வரையிலேயே நிறுத்திக்கொள்கிறேன். 4 மி.மீ. மூங்கில் குச்சியைச் சற்றே கூம்பாகச் சீவி, கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றி, நீர்த்த பிளாஸ்டரை ஒருமுறை பூசிக் காய்ந்தபின் கருஞ்சாம்பல் வண்ணம் தீட்டினால் தண்டின் வளையங்கள் கிடைக்கும். ஓலைக்கு இருபுறமும் பச்சை வண்ணம் தீட்டிய தாளில் 16 மி.மீ. வட்டங்களை வெட்டி, ஒவ்வொன்றையும் விசிறி போல நகத்தால் மடித்து, விளிம்பைக் கத்தரியால் பல்பல்லாக நறுக்கி, மெல்லிய கம்பிக் காம்பில் ஒட்ட வேண்டும். ஒரு மரத்துக்கு இருபத்தைந்து ஓலை. மேலே நிமிர்ந்தவை பச்சை, நடுவில் படுத்தவை மங்கிய பச்சை, அடியில் தண்டோடு தொங்குபவை காய்ந்த பழுப்பு. இந்தக் காய்ந்த ஓலைகளை விட்டுவிட்டால் மரம் அப்போதுதான் ஓலை கழித்தது போல் இருக்கும். எல்லா மரமும் அப்படி நின்றால் நம்ப முடியாது. அடியில் தண்டே இல்லாத வடலிகள் (இளம்பனைகள்) நான்கைந்தைத் தரையோடு தரையாக வைத்தால்தான் பனந்தோப்பு நிறைவு பெறும்.

குடை போல விரியும் முள்மரமான உடைமரத்துக்குக் காய்ந்த துளசிக் கதிர்களை நான்கைந்தாகச் சேர்த்துக் கட்டி, மேற்பகுதியைக் குடை போலத் தட்டையாக வெட்டி, அரித்துச் சாயமேற்றிய மரத்தூளை அந்தக் குடையின் மேல் மட்டும் தூவுங்கள். அடிக்கிளைகள் வெறுமையாகத் தெரிய வேண்டும்.

வயலுக்கு மாதத்தை முடிவு செய்தாக வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். பிசான நடவு என்றால் தண்ணீர் பளபளக்கும் சேற்றில் இளம்பயிர். பிசான அறுவடை என்றால் பொன்னிறமும் அறுத்த பயிரின் அடித்தாளும். பயிர் வளர்ந்த வயலுக்குப் பழைய பூத்துவாலையைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து ஒட்டினால் அதன் முடிச்சுகளே பயிராகிவிடும். வரப்புக்குச் சணல் கயிற்றைப் பசையில் தோய்த்துப் பதித்து மேலே மண்ணைத் தூவலாம். கன்னடியன் கால்வாய் போன்ற வாய்க்கால் ஒன்றைத் தண்டவாளத்துக்கு அடியில் சிறு பாலத்தின் வழியே கொண்டுசென்று, எபாக்சி பிசினை 3 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் ஊற்றினால் மேற்பரப்பு வெளுத்துப்போக வாய்ப்புண்டு. கரையோரத்துக்குப் பத்தமடைப் பாயின் நறுக்குக் கோரையை நாராகக் கிழித்துச் செருகினால் நாணல் தயார்.

பின்திரை மலைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அருகிலுள்ள சரிவுக்குப் பச்சை, அதற்கடுத்து நீலம், அதற்கும் பின்னால் வெளிறிய சாம்பல் என மூன்று அடுக்கு போதும்.

மரங்களை உடனே ஒட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் குண்டூசி வைத்துச் செருகிவிட்டு, கைபேசியைத் தட்டையான சரக்கு ரயில் பெட்டி ஒன்றின் மேல் நிமிர்த்திக் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, இரு திசையிலும் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். பாயின்ட்டைக் கடப்பதற்குக் குறைந்தது 40 செ.மீ. முன்பிருந்தே ஹோமின் கை தடங்கலின்றித் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மரத்தை நகர்த்துங்கள், சிக்னலை நகர்த்தாதீர்கள். இயக்குபவர் உட்காரும் இடது முனையிலிருந்தும் இதே போல் பாருங்கள். ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பார்த்த பிறகு ஒட்டினால் போதும்; அந்த வாரத்தில் என் பலகையில் நான்கு பனைகளும் ஓர் உடைமரமும் இடம் மாறின.